பள்ளத்துக்கு முன்னால் நின்றவர்கள்

கல்யாண வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். காரைக்குடியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் சொல்வது, பெண்ணைத் தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொல்வது, பிறகு இரண்டு பேரையும் கானாடுகாத்தானுக்குக் கூட்டிப்போய் ஏதாவது ஒரு பெரிய வீட்டின் தூண்களுக்கு நடுவில் நிறுத்துவது, இதுதான் வேலை. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, புதிதாகக் குடும்பம் நடத்தப் போகிறவர்கள் ஏன் அப்படிச் சிரிக்கவேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் என் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. அதனால் வாயை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

எனக்காக நான் எடுத்த படங்கள் வேறு. அவற்றில் ஒரு ஈ காக்கை இருக்காது. வெளிநாட்டுக்காரர் ஒருவர், நிலக்கரி வெட்டி முடித்துக் கைவிட்ட பகுதியில் எடுத்த படங்களை இணையத்தில் தற்செயலாகப் பார்த்ததில் ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். கறுத்த மண்மேடுகள், துருப்பிடித்த இரும்புச் சட்டங்கள், புதருக்குள் போய் முடிகிற தண்டவாளம், எல்லாவற்றுக்கும் மேலே இப்போது கொட்டட்டுமா என்று கேட்கிற வானம். சாப்பிடும்போதுகூடப் போனில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கச் சொல்ல ஆள் இல்லாத படம் இப்படி மனதைப் பிசையும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு இந்தச் சீமையில் எங்கே போவது என்று அலுத்துக்கொண்டவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. எங்கள் ஊரிலேயே ஒரு பள்ளம் இருந்தது.

எங்கள் ஊர் திருப்பத்தூர்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஒரு கல்குவாரி. கல் எடுத்து, எடுத்து, கீழே ஊற்று கிளம்பியதும் குவாரிக்காரர்கள் பம்புசெட் வைத்து இறைத்துப் பார்த்தார்கள். அரசாங்கம் கொடுத்த குவாரிக் குத்தகையும் முடிந்தது. ஒருநாள் லாரிகளை ஓட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. செங்குத்தாக அறுத்துவிட்ட பாறைச் சுவர்கள், அவற்றில் மேலிருந்து கீழாகத் துளைபோட்ட கோடுகள், அடியில் அசையாத பச்சைத் தண்ணீர். ஒரு கரையில் ஜல்லி உடைக்கிற கிரஷரின் எலும்புக்கூடு சாய்ந்து நின்றது. லாரி போன பாதையைச் சீமைக்கருவேலம் மூடியிருந்தது. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

வெயில் அடிக்கும்போது பார்த்தால் அது வெறும் குழி. நம் பக்கத்து வெயிலுக்கு எதையும் மறைத்துவைக்கத் தெரியாது. ஐப்பசியில் மேகம் கவிந்த காலையிலோ, மார்கழியில் பனி இறங்கியிருக்கும்போதோ போனால்தான் அது படமாகும். ஸ்டுடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரில் பச்சையை இறக்கிச் சாம்பலாக்குவேன். வானத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்குவேன். பார்க்கிறவனுக்கு யாரோ செத்துப்போன மாதிரி இருக்கவேண்டும், ஆனால் யார் என்று தெரியக்கூடாது. அதுதான் எனக்குப் பிடித்தது. இணையக் குழுக்களில் போட்டால் முகம் தெரியாத ஆட்கள் இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளுவார்கள். கல்யாண ஆல்பம் வாங்கிப் போகிறவர்களோ, பெரியம்மா முகம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள்.

இந்தப் பள்ளம் இருந்த இடத்தில் முன்பு ஒரு பாறை இருந்தது. மலை என்று சொல்ல முடியாது. சட்டியைக் கவிழ்த்த மாதிரி அகலமாக, ஏறுவதற்குச் சிரமமில்லாமல் கிடக்கும். ஊரே அதில்தான் காயப்போடும். நெல், உளுந்து, எள், மிளகாய் எல்லாம் அங்கேதான். இது இன்னார் வீட்டு இடம் என்று கோடு கிழிக்கவில்லை, ஆனாலும் அடுத்த வீட்டு இடத்தில் யாரும் ஒரு முறம் உளுந்தைக்கூடக் கொட்டமாட்டார்கள். காலையில் பரப்பினால் சாயங்காலம் சுடச்சுட அள்ளலாம், ஒரு மண் ஒட்டாது. ஊரார் எல்லோரும் புழங்கினாலும், அந்தப் பாறை கிடந்த புஞ்சை எங்களுடையது. பட்டா அப்பா பெயரில் இருந்தது.

தொடர்ந்து மழை பொய்த்த காலத்தில் அதை அப்பா விற்றார். கிணறு வற்றி, மாடுகளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் குவாரிக்காரர்கள் வந்தார்கள். மேற்கு ஓரத்தில் மட்டும்தான் எடுப்போம், நீங்கள் காயப்போடுகிற இடம் அப்படியே இருக்கும் என்று சொன்னார்கள். அப்பா அதை நம்பினார். ஊரில் வீடு வீடாகப் போய் அவர்கள் சொன்னதையும் சொல்லிவிட்டு வந்தார். நம்பியதுகூடப் பெரிதில்லை, தன் வாயால் ஊருக்குச் சொன்னதுதான் கடைசிவரை அவரை அறுத்துக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

பாறை போனபிறகு ஊர்க்காரர்கள் நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பினார்கள். மினி பஸ் அதன்மேல் ஏறிப் போகும். கொஞ்சநாளில் வேறொரு வழியும் கிடைத்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தேர்தலுக்கும் கட்டுகிற ஃபிளெக்ஸ் பேனர்கள் விசேஷம் முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேரும். ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், வைக்கோல் படப்புக்குப் போர்வையாகும், மீதி காயப்போட உதவும். எங்கள் ஊரில் பெரிய பெரிய தலைவர்களின் கன்னத்தில் உளுந்து காய்ந்துகொண்டிருக்கும். அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள். அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை.

யாரும் அப்பாவை நேராக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பார். குவாரிப் பாதையில் போனால் பஸ் நிறுத்தம் பக்கம். அப்பா அந்த வழியில் போனதே இல்லை. கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்து, சேறாக இருந்தாலும் அந்தப் பக்கமாகத்தான் போவார். லாரி ஓடிய காலத்தில் தூசிக்குப் பயந்து போகிறார் என்று நினைத்தேன். லாரி நின்றபிறகும் அவர் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. பள்ளமாகிப் போனபிறகு அந்த இடத்தை அவர் ஒருதடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை என்று அம்மாதான் என்னிடம் சொன்னாள்.

அது தெரிந்திருந்தும் நான் அவரிடம் போய்க் கேட்டேன். இணையக் குழுவில் ஒருவர், படத்தில் ஒரு ஆள் நின்றால் பள்ளத்தின் அளவு தெரியும் என்று எழுதியிருந்தார். அந்த யோசனை என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. ஒரு ஐப்பசிக் காலை, மேகம் இறங்கி நல்ல வெளிச்சமாக இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா வாசலில் ஆட்டுக்குட்டிக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, குவாரி வரைக்கும் வாரீகளா? ஓரமா ஒரு நிமிசம் நின்னாப் போதும். மொகங்கூடத் தெரியாது.”

“என்னத்துக்கு?”

“பள்ளம் எம்புட்டுப் பெருசுன்னு பாக்குறவுகளுக்குத் தெரியணும்ப்பா.”

“எம்புட்டுப் பெருசுன்னு எனக்குத் தெரியும்டா” என்றார் அப்பா. தழையைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “அதுக்குள்ள என்னைய நிப்பாட்டாத.”

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. அதைப் பார்த்திருப்பார் போல. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சட்டையின் மேல் பொத்தானையும் மாட்டினார். வேப்பமரத்தடியில் போய் நின்றார். அங்கே நின்றபடி கையைத் தொங்கவிடுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்து பார்த்தார்.

“படந்தான வேணும்? இங்குட்டு வச்சு எடு. நிக்கிறேன்.”

கிழக்கே வானத்தைப் பார்த்தேன். மேகம் கலைய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வெயில் வந்துவிடும், பள்ளம் வெறும் குழியாகிவிடும். “அப்புறமா எடுக்குறேன்ப்பா, லைட்டு போயிரும்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அன்றைக்கு எடுத்த படத்தில் ஆள் இல்லை. தண்ணீரில் மேகம் தெரிந்தது, கிரஷர் சாய்ந்து நின்றது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெருமை தாங்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

கொஞ்சநாள் கழித்துத் திருப்பத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். யாரோ ஒரு பெரியவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தெரிந்த சாய்ந்த கிரஷரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பெரியவர் என் பள்ளத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை என்னோடு படித்த ஒருவனுடையது. நேரே அங்கே போனேன். அவன் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“வா மாப்ள, ஒன்னையத்தான் நெனச்சேன். ஒன் படம் பிச்சுக்கிட்டு ஓடுது.”

“ஏன்டா, ஒரு வார்த்த கேக்கமாட்டியா?”

“ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா அப்புறம் என்னடா கேக்குறது? முன்னாடியெல்லாம் அருவி போடுவேன், ரோசாப்பூ போடுவேன், பனிமல போடுவேன். அருவி போட்டா குத்தாலத்துக்கு டூர் போனாப்புல இருக்குன்னு கொற சொல்லுறாக. ஒன் படத்தப் பாத்தா பொம்பளையாளுக நின்ன எடத்துல அழுதுருதுக. இத விட ஒனக்கு என்னடா வேணும்?”

அவனைத் திட்டத்தான் போனேன். ஆனால் அவன் சொன்னதைக் கேட்டதும் உள்ளே குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்வதென்றால், பல்லைக் காட்டிக்கொண்டு இன்னொரு டீயும் குடித்துவிட்டு வந்தேன். எங்கேயோ இருக்கிறவன் போடுகிற இதயத்தை விட, திருப்பத்தூர்ச் சந்தைக்கு வந்த ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைப்பது பெரிய விஷயம் இல்லையா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் என் படம்தான். நேமத்தான்பட்டிக்கு ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போனேன், தெருமுக்கில் ஒரு அம்மாள் என் பள்ளத்துக்கு முன்னால் மூக்குத்தி மின்ன நின்றார். காரைக்குடிக்குத் திரும்பினால் வழியில் இன்னொருவர். சிலருக்கு வானத்தை ஊதாவாக்கியிருந்தார்கள், சிலருக்கு ஒரு ஜோடிப் புறாவைப் பறக்கவிட்டிருந்தார்கள். என் சாம்பல் நிறத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று அதற்கும் கோபப்பட்டேன். செத்துப்போனவர் யார், எப்படிச் செத்தார் என்று ஒரு தடவைகூட நின்று வாசித்ததில்லை.

எங்கள் ஊரில் அப்பாவோடு ஒத்த வயதுடையவர் ஒருவர் இறந்தார். இரண்டு பேரும் சேர்ந்து மாடு மேய்த்தவர்கள். பாறையில் எங்கள் இடத்துக்கு அடுத்து அவர் வீட்டு இடம். நானும் அன்றைக்கு ஊரில் இருந்தேன். கேதத்துக்குப் போய்விட்டு வந்த அப்பா, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வாசலில் உட்கார்ந்தார்.

“செத்தவன் பூராம் ஒன் பள்ளத்துலதான்டா நிக்கிறான்” என்றார்.

அம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே, “எனக்கு அத வச்சுறாத” என்றார்.

“என்ன பேச்சுப்பா பேசுறீக.”

“பேச்சு என்னடா பேச்சு, சொல்லி வைக்கிறேன். எல்லாரும் நின்னுக்கிறட்டும். அவுகளுக்கு அது படம். எனக்கு அப்புடி இல்லைல.”

மறுநாளே போய் நண்பனிடம் சொன்னேன். “அப்பாவுக்கு நூறு வயசுடா. அப்புடியே ஆனாலும் நானே ஒக்காந்து ரோசாப்பூவாப் போடுறேன், போ” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்ட நினைப்பில் நான் வீட்டுக்குப் போனேன்.

மாசி மாதம் ஒரு விடியற்காலையில் அப்பா போய்ச் சேர்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் காரைக்குடியிலிருந்து வருவதற்குள் அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அழுவதற்குக்கூட நேரம் இல்லை. ஐஸ் பெட்டிக்குச் சொல்லவேண்டும், பந்தலுக்குச் சொல்லவேண்டும், யார் யாருக்குப் போன் போகவில்லை என்று பார்க்கவேண்டும். சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் கண் சிவக்க என் பக்கத்தில் வந்து நின்றார்கள். “அண்ணே, ஃபிளெக்ஸுக்குப் பெரியப்பா போட்டோ ஒண்ணு அனுப்பி விடுங்கண்ணே.”

போனில் தேடினேன். பள்ளம் வந்தது. மேலே தள்ளினேன், மறுபடியும் பள்ளம். மேகத்தோடு, பனியோடு, மழைத்துளி விழுகிற தண்ணீரோடு. பிறகு யார் யாரோ மாப்பிள்ளைகள், யார் யாரோ பெண்கள். ஊரில் பாதிப்பேரின் முகத்தை எடுத்து வைத்திருந்தேன், அப்பாவை எடுக்கவில்லை. வேப்பமரத்தடியில் பொத்தானை மாட்டிக்கொண்டு அவர் நின்றது மட்டும் அச்சாகக் கண்ணுக்குள் இருந்தது. அதை அனுப்ப முடியாதே. கடைசியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி எடுத்தபோது ஓரத்தில் அப்பா சிக்கியிருந்தார். நான் வேறு யாரையோ கூப்பிட்டதற்கு இவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். இலையில் பாதிச் சோறு, தோளில் பக்கத்து ஆளின் கை. அதை அனுப்பிவிட்டு அடுத்த போனை எடுத்தேன். கூட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவேண்டும் என்று தோன்றவே இல்லை.

நண்பன் அன்றைக்குக் கடையில் இல்லை. பிள்ளைக்கு மொட்டையடிக்கத் திருச்செந்தூர் போயிருந்தான். கடையில் டிசைன் செய்கிற பெண்ணுக்கு எங்கள் பேச்சு எதுவும் தெரியாது.

மதியத்துக்கு மேல், திருப்பத்தூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைக் கூட்டிவர ஊர் முக்குக்குப் போனேன். இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மற்றவர்களுக்குப் போடுவதைவிடப் பெரிது. மேகம் தெரிகிற தண்ணீர், சாய்ந்த கிரஷர், துளைபோட்ட சுவர். நடுவில் அப்பா. பந்தியில் திரும்பிப் பார்த்த முகத்தை யாருடைய வெள்ளைச் சட்டையிலோ ஒட்டவைத்து, யாருடைய கைகளையோ கூப்பவைத்திருந்தார்கள். கண்ணில் மட்டும், யார் கூப்பிட்டது என்று கேட்கிற பார்வை அப்படியே இருந்தது. கீழே எங்கள் பங்காளி வீட்டுப் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக.

சித்தப்பாவின் மூத்த மகன் பக்கத்தில் வந்தான்.

“எப்புடிண்ணே இருக்கு? அந்தக்கா வேற ஏதோ பூப்படம் காமிச்சுச்சு. நாங்கதான் வேணாம்னுட்டோம். ஒங்க படத்த ஊரு ஒலகமெல்லாம் போடுது. பெரியப்பாவுக்குப் போடாம யாருக்குண்ணே போடுறது?”

இவ்வளவு அன்பாகச் செய்திருக்கிறவனிடம் என்ன சொல்வது? கொஞ்ச நேரத்தில் அப்பாவைத் தூக்கப்போகிற தோள் அவனுடையது. “நல்லா இருக்குடா” என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நானும் அழுதேன். காலையிலிருந்து வராத அழுகை அங்கே, அந்தப் பள்ளத்துக்கு முன்னால்தான் வந்தது.

மயானத்திலிருந்து திரும்பியதும் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஃபிளெக்ஸை அவிழ்த்துவிடலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காரியம் முடியிற வரைக்கும் அதத் தொடக்கூடாதுப்பா. கட்டுனது நம்ம பிள்ளைக. இப்ப அவுத்தா, பங்காளிகளுக்குள்ள என்னமோ மனத்தாங்கல்னு ஊரு பேசும். நல்லாத்தான இருக்கு, என்ன அதுல கொற?” என்றார். அப்பா சொன்னதை அவரிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பாறையை விற்ற கதையில் சித்தப்பாவுக்கும் ஒரு வருத்தம் உண்டு. இந்த நேரத்தில் அதைக் கிளற வேண்டாம் என்று மூடிக்கொண்டேன்.

அப்படியாக, எந்தப் பள்ளத்தை ஆயுசுக்கும் கண்ணால் பார்க்காமல் இருந்தாரோ, அந்தப் பள்ளத்துக்கு முன்னால் அப்பா பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் கைகூப்பி நின்றார். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கேதம் கேட்க வந்தவர்கள், படம் ரொம்பப் பிரமாதம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். காய்கறி வாங்க, பூ வாங்க, ஐயரைப் பார்க்க என்று தினமும் நான் வெளியே போகவேண்டியிருந்தது. ஊர் முக்கு வழியாகப் போகாமல் கண்மாய்க்கரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கரை வழுக்கியது. ஒரு நாள் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்பா இப்படி எத்தனை வருடம் நடந்திருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது.

அம்மா காரியம் முடியும் வரை வெளிவாசலைத் தாண்டவில்லை. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். வந்துபோகிறவர்கள் ஃபிளெக்ஸைப் பற்றி அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். “என்ன படம்டா போட்டுருக்கு அப்பாவுக்கு?” என்று ஒரு மத்தியானம் கேட்டாள். “எல்லாருக்கும் போடுறதுதாம்மா” என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சோறு போடவா என்று கேட்டாள்.

காரியம் முடிந்ததும் சித்தப்பா மகன்கள் ஃபிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதை எடுத்துக்கொண்டுபோய் எரித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவின் முகம் உள்ள ஒன்றை எப்படி எரிப்பது? எரிக்காமல் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற குணம் அப்பா செத்தும் என்னைவிட்டுப் போகவில்லை. பங்குனியில் வரிசையாக முகூர்த்தங்கள் இருந்தன. தூண்களுக்கு நடுவில் ஜோடிகளை நிறுத்தி, சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு கேமராப் பையோடு அப்படியே ஊருக்குப் போனேன். வாசல் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா கடைசியாக வைத்த செடிகளில் பறித்தது. அடியில் ஃபிளெக்ஸ் விரித்திருந்தது. சிவப்புக்கு நடுவில் அங்கங்கே என் சாம்பல் வானம் தெரிந்தது. அப்பா முகத்தின் மேலேயா மிளகாயைக் கொட்டிவிட்டாள் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன்.

நடுவில் ஓட்டையாக இருந்தது. ஆள் உயரத்துக்கு, கத்தரிக்கோலால் நிதானமாக வெட்டியிருந்தது. மிளகாய் மண்ணில் விழாமல், அந்த ஓட்டையின் விளிம்பை ஒட்டியே பரப்பியிருந்தாள் அம்மா.

“அப்பா எங்கம்மா?” என்று கேட்டேன். அவர் உயிரோடு இருப்பவர் மாதிரிதான் அந்தக் கேள்வி வாயில் வந்தது.

“உள்ள இருக்காரு.”

உள்ளே போனேன். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் சுவரோரமாக, அட்டையில் ஒட்டி, அப்பாவை நிறுத்தியிருந்தாள். பின்னால் எங்கள் வீட்டுச் சுவரின் நீலம். அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள்.

“சட்ட யாருதுடா இது? இம்புட்டு வெள்ளையா அவருகிட்ட ஒண்ணும் கெடையாதே.”

நான் அட்டையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

“அன்னைக்குப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன்ல, காதுல விழுந்துச்சு. அதுக்குள்ள என்னைய நிப்பாட்டாதன்னு ஒத்த வார்த்த சொன்ன மனுசன். நீ வந்து வெளிய எடுத்து விடுவேன்னு பாத்தேன். நீ வரல. நானே எடுத்துட்டேன்.”

அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. வேலை முடிந்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவள் திட்டியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

“மீதியத்தான் விரிச்சுட்டேன். பாறையா இருக்கு, அங்குட்டுப் போயி காயப்போட?” என்றாள்.

வெளியே வெளிச்சம் மாறியது. கோடை மழைக்கு மேகம் கூடிக்கொண்டு வந்தது, கிழக்கே வானம் கறுத்து, மரங்களெல்லாம் அசையாமல் நின்றன. எத்தனையோ காலைகள் நான் காத்துக்கிடந்த வெளிச்சம் அது. தோளில் கேமராப் பை கனத்தது.

“மேகம் போடுதுடா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? மொளகாய அள்ளு” என்று அம்மா வாசலில் இறங்கினாள்.

பையை அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் இறங்கினேன். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து அள்ளினோம். மிளகாய் குறையக் குறைய என் படம் வெளியே வந்தது. அறுத்த சுவர், சாய்ந்த கிரஷர், மேகம் விழுந்த தண்ணீர் எல்லாம் இருந்தன. அப்பா நின்ற இடத்தில் மட்டும் எங்கள் வாசல் மண் தெரிந்தது.